ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங்கில் உடல்நலம், விளையாட்டு பற்றிக் கேட்டால் என்ன பேசுவது?

உடல்நலம், விளையாட்டு இரண்டும் சுலபமான தலைப்பு என்று நினைத்துத் தயார் செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம். உள்ளே போய் உட்கார்ந்ததும் 'ஹெல்த் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்' என்று கம்பீரமாக ஆரம்பிப்பார்கள், அடுத்த வாக்கியம் வராது. வராததற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாருக்குமே சொல்ல ஒன்றும் இருக்காது, தமிழில் பேசினாலும் இதே கதிதான்.

எதிரே இருக்கும் தேர்வாளர் உங்கள் ஆரோக்கியத்துக்கோ கருத்துக்கோ மார்க் போடுவதில்லை. தடங்கலின்றிக் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நான்கையும்தான் சம அளவில் பார்க்கிறார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. இது தெரிந்தால் பேச்சுவாக்கில் சொல்லலாம், தெரியாவிட்டால் ஒன்றும் குறையாது. அதனால் தகவல் சேர்ப்பதை விட்டுவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விளையாட்டையும் நீங்கள் நிஜமாகவே செய்யும் ஒரு ஆரோக்கியப் பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த ஸ்பீக்கிங் தேர்வே மூன்று பகுதியும் சேர்த்து 11 முதல் 14 நிமிடம்தான், அதற்கு இந்த இரண்டு போதும்.

முதல் பகுதி 4, 5 நிமிடம் ஓடும். எந்த விளையாட்டு பிடிக்கும், உடற்பயிற்சி செய்வீர்களா, தினமும் எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள் என்கிற ரகக் கேள்விகள். இரண்டு மூன்று வாக்கியத்தில் பதில் சொன்னால் சரி. விளையாட்டே பிடிக்காதவர்கள் இங்கே பொய்யாகக் கிரிக்கெட் ரசிகராக வேண்டியதில்லை, பிடிக்காது என்பதும் நல்ல பதில்தான். 'நாட் ரியலி. ஐ யூஸ்ட் டு ப்ளே வாலிபால் அட் ஸ்கூல், பட் ஐ ஸ்டாப்ட் வென் ஐ ஸ்டார்ட்டட் வொர்க்கிங்.' இவ்வளவுதான், ஆனால் பழைய பழக்கம், அது நின்ற காரணம் எல்லாம் இதிலேயே வந்துவிட்டது. வெறும் 'நோ' என்று சொல்லி முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் தப்பு.

இந்தத் தலைப்பில் நம்மவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் சில உண்டு. எல்லா விளையாட்டுக்கும் 'ப்ளே' போடக் கூடாது. பந்து விளையாட்டு, செஸ் மாதிரி எதிராளியோடு ஆடும் ஆட்டங்களுக்கு 'ப்ளே', ஸ்விம்மிங், ஜாகிங், சைக்கிளிங் என்று 'இங்'கில் முடிபவற்றுக்கு 'கோ', யோகா, கராத்தே, ஜிம்னாஸ்டிக்ஸுக்கு 'டூ'. ஷட்டில் விளையாடினேன் என்று நாம் சொல்லும் விளையாட்டின் பெயர் பேட்மிண்டன், ஷட்டில் என்பது அடிக்கிற அந்த இறகுப் பொருள் மட்டும். அப்புறம் 'வீ வன் தெம்' என்பது ரொம்ப சகஜம், தமிழில் மேட்ச்சையும் ஜெயிப்போம், எதிரணியையும் ஜெயிப்போம் என்பதால் வருகிற வினை இது. ஆங்கிலத்தில் மேட்ச் என்றால் 'வின்', எதிரணி என்றால் 'பீட்'.

உடல்நலப் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. 'ஐ டிட் அன் ஆபரேஷன்' என்று சொன்னால் கத்தியைப் பிடித்த டாக்டர் நீங்கள் என்று அர்த்தமாகிவிடும், 'ஐ ஹேட் அன் ஆபரேஷன்' என்று சொல்லுங்கள். காலில் வலி என்றால் 'மை லெக் இஸ் பெயினிங்' வேண்டாம், 'மை லெக் ஹர்ட்ஸ்'. அப்பாவுக்கு சுகர் இருக்கிறது என்பதை அப்படியே சொன்னால் வெளிநாட்டுக்காரருக்குச் சர்க்கரை டப்பாதான் ஞாபகம் வரும், அது டயபீட்டீஸ். பிரஷர் என்பதும் அப்படித்தான், முழுதாக 'ஹை ப்ளட் பிரஷர்' என்று சொல்லிவிடுங்கள். நோயின் பெயர் நினைவுக்கு வராவிட்டால் திகைத்து நிற்க வேண்டாம், மூச்சு விடச் சிரமமாக இருக்கும் ஒரு பிரச்சினை என்று சுற்றி வளைத்துச் சொல்லுங்கள். அப்படிச் சமாளிக்கும் திறமையும் சொல்வளக் கணக்கில்தான் சேரும்.

உச்சரிப்பில் பார்க்க வேண்டியவை: வியர்வை 'ஸ்வெட்', அதை 'ஸ்வீட்' என்று சொன்னால் ஓடி முடித்ததும் உடம்பெல்லாம் இனிப்பு வழியும். தசை 'மஸில்', வயிறு 'ஸ்டமக்', வலி 'ஏக்'. ஃபிட்னஸ், ஃபுட்பால் இரண்டிலும் முதல் எழுத்து 'ப'வாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பகுதிதான் எல்லோரையும் பயமுறுத்துவது. கையில் ஒரு அட்டை, யோசிக்க 1 நிமிடம், குறிப்பெழுதப் பேப்பரும் பென்சிலும் தருவார்கள், பிறகு 1 முதல் 2 நிமிடம் நீங்கள் மட்டும் பேச வேண்டும். உடல்நலத்துக்காக நீங்கள் செய்யும் ஒரு விஷயம் பற்றிச் சொல்லுங்கள் என்று அட்டையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் ஜிம்முக்குத் தாவுவார்கள், போகாத ஜிம்மைப் பற்றி எத்தனை வாக்கியம் சொல்ல முடியும்? அதைவிட, லிஃப்டில் போகாமல் மாடிப்படி ஏறுவது மாதிரி ஒரு சின்னப் பழக்கத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது பாருங்கள். பேப்பரில் 'லிஃப்ட் ரிப்பேர், இரண்டாவது மாடி, பெரியவர், முழங்கால், இப்போது, அடுத்து' என்று மட்டும் எழுதுங்கள், முழு வாக்கியம் எழுத நேரமும் இல்லை, எழுதினால் படிக்கத் தோன்றும். இனி ஒவ்வொரு சொல்லையும் பிரியுங்கள். ஆபீஸ் லிஃப்ட் ஒரு வாரம் வேலை செய்யவில்லை, வேறு வழியில்லாமல் ஏறினேன் (இறந்தகாலம்). இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது, 'ஐ வாஸ் அவுட் ஆஃப் ப்ரெத்'. நான் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் போனில் பேசிக்கொண்டே என்னைத் தாண்டி ஏறிப் போனார். முதலில் முழங்கால் வலித்தது. இப்போது தினமும் ஏறுகிறேன், லிஃப்ட் சரியான பிறகும் விடவில்லை (இங்கே 'ஐ ஹேவ் பீன் டூயிங் இட் எவர் சின்ஸ்' கச்சிதமாக உட்காரும்). அடுத்து சைக்கிளிங் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன், 'டேக் அப் சைக்கிளிங்'. இலக்கணத்தைத் துரத்திப் போகாமலே எல்லாக் காலமும் கதையோடு வந்துவிட்டன. கதை நிஜமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, உங்களால் கண்முன் பார்த்துச் சொல்ல முடிந்தால் போதும். 2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் பாதியில் நிறுத்துவார், அது நேரக் கணக்கு மட்டும்தான், சரியாகப் பேசவில்லை என்று பொருள் இல்லை.

மூன்றாம் பகுதியில் 'நான்' குறைந்து 'மக்கள்' வர வேண்டும். குழந்தைகள் ஏன் வெளியே விளையாடுவதில்லை, விளையாட்டு வீரர்களுக்கு இவ்வளவு சம்பளம் தேவையா, அரசு ஸ்டேடியம் கட்ட வேண்டுமா பூங்கா அமைக்க வேண்டுமா, இப்படிப் போகும். ஒரு பக்கம் சாய்ந்து பேசுங்கள், காரணம் சொல்லுங்கள், உதாரணம் ஒன்று, பிறகு எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வரி. பூங்கா என்று சொன்னால், ஸ்டேடியத்தில் ஆடுபவர்கள் சிலர், பார்ப்பவர்கள்தான் ஆயிரக்கணக்கில், பூங்காவிலோ வயதானவர்களும் நடக்கலாம் என்று விரியுங்கள். ஆனால் பெரிய போட்டிகளைப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் பேட்டைக் கையில் எடுக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வதில் நஷ்டமில்லை. 'பீப்பிள் டெண்ட் டு', 'இட் டிபெண்ட்ஸ் ஆன்' இரண்டும் இந்தப் பகுதியில் நன்றாகக் கைகொடுக்கும். தேர்வாளர் மறுத்துக் கேட்டால் சண்டைக்கு வருகிறார் என்று நினைக்காதீர்கள், இன்னும் பேச வைக்கப் பார்க்கிறார். கேள்வி புரியவில்லையா, வேறு மாதிரி கேட்கச் சொல்லுங்கள்.

மனப்பாடம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒப்பிப்பது தேர்வாளர்களுக்கு உடனே தெரிந்துவிடும். 'ஃபிட் அஸ் எ ஃபிடில்' (நல்ல ஆரோக்கியமாக) மாதிரி மரபுத்தொடர்களை வரிக்கு வரி திணிப்பதும் அதே கணக்குதான். வீட்டில் போனில் 2 நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எந்தச் சொல் மறுபடி மறுபடி வருகிறது என்று தெரியும், பெரும்பாலும் அது 'குட்' ஆகவோ 'ஹெல்தி'யாகவோ இருக்கும். அந்த ஒரு சொல் இல்லாமல் அதே கதையை மறுபடி சொல்லிப் பாருங்கள்.