அருங்காட்சியகத்தில் புதையல் வேட்டை: கேள்வியை எப்படி அமைப்பது?

க்யூஆர் கோடு (போனில் ஸ்கேன் செய்தால் கேள்விப் பக்கம் திறக்கும் சதுரக் குறியீடு) வைத்துப் புதையல் வேட்டை நடத்தும்போது பலரும் சறுக்குவது கேள்வியில்தான். "இந்தச் சிலை எந்த நூற்றாண்டு?" என்று கேட்டால், பார்வையாளர் விளக்கப் பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார், சிலையைப் பார்க்கவே மாட்டார். "எத்தனை விரல்களில் மோதிரம் இருக்கிறது?", "இடது கை எதைப் பிடித்திருக்கிறது?" என்று கேளுங்கள். பொருளையே உற்றுப் பார்த்தால்தான் விடை கிடைக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல் "பின்பக்கம் பாருங்கள்" என்று ஒரு துப்பு கொடுங்கள். மதிப்பெண் குறைந்தால் குழந்தைகள் சோர்ந்துபோவார்கள்.

முதல் முறைக்கு ஆறு முதல் எட்டு நிறுத்தங்கள் போதும். குழுக்களை வெவ்வேறு நிறுத்தங்களிலிருந்து தொடங்க வையுங்கள். எல்லோரும் ஒன்றாம் எண்ணில் தொடங்கினால் ஒரே கண்ணாடிப் பெட்டியின் முன்னே நெரிசல்தான்.

க்யூஆர் கோடின் அகலம், ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும்: 50 செ.மீ. தூரத்துக்கு 5 செ.மீ. சுற்றிலும் வெள்ளை ஓரம் விடாவிட்டால் போன் படிக்காமல் போகலாம். பளபளப்பான தாளும் வேண்டாம், விளக்கொளி பிரதிபலிக்கும். மேட் தாளே நல்லது. தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் வைத்தால் சிறுவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் எட்டும். காட்சிப் பெட்டியில் பசை ஒட்டாமல் தனித் தாங்கியில் நிறுத்துங்கள்.

தடித்த சுவர்களுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் போகலாம். ஆகவே போனில் திறக்கும் கேள்விப் பக்கத்தில் படங்களின் கோப்பு அளவைச் சுருக்கிப் போடுங்கள். அதே கேள்விகளை அச்சிட்ட தாள்களும் நுழைவாயிலில் இருக்கட்டும்.