பாரிஸ் விமான நிலையத்திலிருந்து ரயிலில் நகரத்துக்குப் போவது எப்படி?

பாரிஸுக்கு முதல்முறை வருகிற பலருக்கு விமான நிலையத்தை நினைத்தால்தான் பயம். டிக்கெட் எங்கே வாங்குவது, எந்த ரயிலில் ஏறுவது, மொழி தெரியாமல் யாரிடம் கேட்பது என்று ஊரிலேயே கவலை தொடங்கிவிடும். உண்மையில் அந்தப் பகுதி சுலபம். சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தில் நிற்கும் ஆர்.இ.ஆர். பி ரயில்கள் (நகரையும் புறநகரங்களையும் இணைப்பவை) எல்லாமே பாரிஸ் பக்கம்தான் போகும். தப்பான திசையில் ஏறவே முடியாது. சிரமம் வருவது இறங்குகிற இடத்தில்: பெட்டிகளோடு, படிக்கட்டுகளில், நாலைந்து மெட்ரோ பாதைகள் சந்திக்கிற நிலையத்தில். அதனால் இந்த விளக்கத்தை இறங்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில்: எங்கே இறங்கப் போகிறீர்கள்?

இதை வீட்டிலேயே முடிவு செய்து, ஒரு தாளில் நிலையத்தின் பெயரை பிரெஞ்சு எழுத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் போனாலும் தாள் கையில் இருக்கும்.

ஆர்.இ.ஆர். பி பாரிஸை வடக்கிலிருந்து தெற்காக ஊடுருவிப் போகிறது. நகருக்குள் அது நிற்கும் நிலையங்கள் வரிசையாக: கார் து நோர், ஷாத்லே லே ஹால், சான் மிஷெல் நோத்ர் தாம், லுக்சம்பூர், போர் ரொயால், தான்ஃபேர் ரோஷ்ரோ, சித்தே யூனிவெர்சித்தேர்.

பலர் முதலில் வருகிற கார் து நோரிலேயே இறங்கிவிடுகிறார்கள். லாச்சப்பல் என்ற தமிழ்க் கடைப்பகுதிக்குப் போகிறவர்களுக்கு அது சரியான இடம். தமிழ்க் கடைகள் நிறைந்த ஃபோபூர் சான் தெனி தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான்; ரூ பஜோல் தெருவிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கும் நடந்தே போகலாம். லண்டனுக்கு யூரோஸ்டார் ரயில் பிடிப்பவர்களும் இங்கேதான் இறங்க வேண்டும். ஆனால் ஈஃபில் கோபுரத்தின் பக்கம் விடுதி எடுத்திருந்தால், அவசரப்படாமல் தான்ஃபேர் ரோஷ்ரோ வரை உட்கார்ந்தே போங்கள். அங்கே 6-ஆம் எண் மெட்ரோவுக்கு மாறினால் கோபுரத்துக்கு அருகிலுள்ள பீர் ஹக்கேம் நிலையத்துக்கு நேராகப் போகலாம். அந்த மெட்ரோ வழியில் பாதி தூரம் தரைக்கு மேலே ஓடுவதால், களைப்பிலும் ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம். வந்த முதல் நாளே அந்தக் காட்சி கிடைப்பது நல்ல தொடக்கம்.

ஷாத்லே லே ஹால் மிகப் பெரிய நிலையம். மெட்ரோ மாற வேண்டுமென்றால் நீண்ட நடைபாதைகள் இருக்கின்றன. கனமான பெட்டியோடு அங்கே மாறுவதைத் தவிர்க்கவே நான் சொல்வேன். ஆர்.இ.ஆர். ஏ ரயிலுக்கு மாறுவதானால் மட்டும் பிரச்சினையில்லை. இரண்டும் ஒரே மண்டபத்தில்தான் நிற்கின்றன. அலுவலகக் கோபுரங்கள் நிறைந்த லா தெஃபான்ஸ் போகிறவர்களுக்கு அது வசதி.

உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். தமிழர்கள் நிறையப் பேர் இருப்பது பாரிஸுக்குள் அல்ல, அதன் வடக்குப் புறநகரங்களில்: லா கூர்நேவ், லு பூர்ஜே, திரான்சி, ஒல்னே சு புவா. இவை எல்லாமே இதே ரயில் பாதையில்தான் வருகின்றன. ஆனால் விரைவு ரயில் இவற்றில் நிற்காது. அப்படிப் போகிறவர்கள் எல்லா நிலையங்களிலும் நிற்கிற ரயிலில் ஏற வேண்டும். அந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே சொல்கிறேன்.

ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்தல்

விமான நிலையத்துக்குள் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. உங்கள் விமானம் எந்த டெர்மினலில் இறங்குகிறது என்பது டிக்கெட்டில் இருக்கும்.

டெர்மினல் 2 என்றால் நிலையம் அந்தக் கட்டடத்தோடு சேர்ந்தே இருக்கிறது. சி, டி பிரிவுகளுக்கும் இ, எஃப் பிரிவுகளுக்கும் நடுவில். நடந்தே போகலாம். 2ஜி மட்டும் தள்ளி இருக்கும் தனிக் கட்டடம், அங்கிருந்து இலவசப் பேருந்து உண்டு. டெர்மினல் 3 என்றால் சிறிது நடந்தால் மற்ற நிலையம், அதாவது சார்ல்ஸ் டி கோல் 1. டெர்மினல் 1-இல் இறங்குகிறவர்கள் மட்டும் சிடிஜிவால் என்ற ஓட்டுநர் இல்லாத சின்ன ரயிலைப் பிடிக்க வேண்டும். இலவசம், டிக்கெட் தேவையில்லை, சில நிமிடங்களில் கொண்டுபோய் விடும். டெர்மினல் 3 நிறுத்தத்தில் இறங்கினால் ஆர்.இ.ஆர். நிலையம் பக்கத்திலேயே.

பெட்டிகளை எடுத்து வெளியே வந்ததும் ரயில் படமும், வட்டத்துக்குள் பி எழுத்தும் போட்ட பலகைகளைத் தொடர்ந்து போங்கள். வழியில் "டாக்ஸி, டாக்ஸி" என்று யாராவது அருகில் வந்தால் நிற்காமல் நடங்கள். அனுமதி பெற்ற டாக்ஸிகள் வரிசையில்தான் நிற்கும். ஓட்டுநர் உள்ளே வந்து ஆள் பிடிக்க மாட்டார்.

டிக்கெட்

பாரிஸ் வட்டாரத்தின் கட்டண முறை 2025 ஜனவரியில் மாறியது. பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும், தூரத்துக்கேற்ப விலை மாறும் மண்டலக் கணக்கு இப்போது ஒற்றை டிக்கெட்டுக்குப் பொருந்தாது. விமான நிலையத்துக்கென்று தனி டிக்கெட் வந்துவிட்டது. 2025-இல் அதன் விலை 13 யூரோ. கட்டணம் ஜனவரியில் மாறுவது வழக்கம் என்பதால் இயந்திரத் திரையில் காட்டுவதுதான் உங்கள் விலை. ஊருக்குள் மெட்ரோவில் போக அதே ஆண்டில் 2.50 யூரோ டிக்கெட் இருந்தது. மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள், விமான நிலையப் பயணத்துக்கு அது செல்லாது.

விமான நிலைய டிக்கெட்டில் மெட்ரோவும் அடங்கும். கார் து நோரில் இறங்கி மெட்ரோவுக்கு மாறினால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். லா கூர்நேவில் இறங்கினாலும் அதே விலைதான். தூரம் குறைவு என்று குறையாது.

டிக்கெட்டை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று, நாவிகோ ஈசி என்ற அட்டை. இரண்டு யூரோ, பத்து வருடம் செல்லும். அதில் டிக்கெட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையை வைத்து இரண்டு பேர் நுழைய முடியாது. இன்னொன்று, இல் து பிரான்ஸ் மொபிலித்தே என்ற செயலியில் வாங்கி, போனையே கதவில் காட்டுவது. போனில் என்.எஃப்.சி. (அருகில் காட்டினாலே படிக்கும்) வசதி இருக்க வேண்டும். முதல்முறை வருகிறவர்களுக்கு அட்டையைத்தான் பரிந்துரைப்பேன். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு போனை நம்பி நிற்பதைவிட அது நிம்மதி.

லண்டனில் போல வங்கி அட்டையை நேரடியாகக் கதவில் தொட்டு உள்ளே போவது இங்கே நடக்காது. இயந்திரத்தில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் கிளம்பும் முன்பே திறந்துவிட்டு வாருங்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நின்று உதவ வருகிற தெரியாதவர்களிடம் பணமோ அட்டையோ கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் கவுண்டரில் நில்லுங்கள், வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

திங்கள், செவ்வாயில் வந்து ஞாயிறு வரை தங்குகிறவர்கள் வாரப் பாஸையும் யோசிக்கலாம். 2025-இல் 31.60 யூரோ; அதற்கான வேறு அட்டைக்கு 5 யூரோ தனி, ஒரு சிறிய புகைப்படமும் வேண்டும். அதே ஆண்டு விலையில் விமான நிலையத்துக்குப் போக வர மட்டுமே 26 யூரோ ஆகிவிடுவதால், இடையில் ஊர் சுற்றினால் இது லாபம். ஆனால் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறவருக்குப் பயனில்லை.

நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.

நான்கு பெரியவர்கள் சேர்ந்து வந்தால் கணக்கே மாறும். 2025 விலையில் நான்கு டிக்கெட் 52 யூரோ. அரசு நிர்ணயித்த டாக்ஸி கட்டணம் 2025-இல் சேன் நதியின் வடகரைக்கு 56, தென்கரைக்கு 65. பெட்டிகள் நிறைய இருந்து, அப்பா அம்மாவும் கூட வந்தால் யோசிக்காமல் டாக்ஸி வரிசைக்குப் போங்கள்.

ஏறுவதும் போவதும்

அட்டையைக் கதவில் தொட்டு உள்ளே போங்கள். பெட்டி பெரிதாக இருந்தால் அகலமான கதவு ஒன்று இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

பிளாட்ஃபாரத்தில் தொங்கும் திரையில் அடுத்த ரயில் நிற்கும் நிலையங்களின் பெயர்கள் வரும். விமான நிலையத்துக்கு அப்புறம் நேரே கார் து நோர் என்று காட்டினால் அது விரைவு ரயில். சுமார் 25 நிமிடம். நடுவில் வில்பான்த், ஒல்னே, லு பூர்ஜே என்று பெயர்கள் அடுக்கி வந்தால் அது எல்லா இடத்திலும் நிற்பது. பத்து நிமிடம் கூடும். பாரிஸுக்குள் போகிறவர்கள் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். புறநகருக்குப் போகிறவர்கள் தங்கள் நிலையத்தின் பெயர் திரையில் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

டெர்மினல் 2 நிலையத்தில்தான் ரயில் புறப்படுகிறது. அங்கே ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். அதே கட்டடத்திலிருந்து டிஜிவி என்ற தொலைதூர அதிவேக ரயில்களும் போகின்றன. அவற்றுக்குத் தனி டிக்கெட், தனி பிளாட்ஃபாரம்.

பைகளைக் கண்முன் வையுங்கள். கதவுக்கு அருகில் போனைக் கையில் பிடித்தபடி உட்கார வேண்டாம். கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு ஓடுவது இந்த ஊர்த் திருடர்களின் வழக்கம். இதைத் தவிர பயப்பட எதுவும் இல்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் நிறைந்த சாதாரண ரயில்தான் இது.

இறங்கிய பிறகும் டிக்கெட் வேண்டும். வெளியே போகும் கதவிலும் தொட வேண்டும், பரிசோதகர்களும் நிற்பார்கள். அதனால் அட்டையைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடாதீர்கள்.

மெட்ரோவுக்கு மாறும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: பாரிஸின் பழைய மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. 14-ஆம் எண் பாதையில் மட்டும் எல்லா நிலையத்திலும் உண்டு.

இரவில் வந்தால்

முதல் ரயில் காலை ஐந்துக்குச் சற்று முன்பு, கடைசி ரயில் நள்ளிரவுக்குச் சற்று முன்பு. ஆனால் பராமரிப்பு வேலைக்காகச் சில இரவுகளில் ரயிலை முன்கூட்டியே நிறுத்திவிட்டு மாற்றுப் பேருந்து விடுவார்கள். இரவு பத்துக்கு மேல் தரையிறங்குவதாக இருந்தால் இல் து பிரான்ஸ் மொபிலித்தே செயலியில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு நொக்தீலியான் என்ற இரவுப் பேருந்துகள், எண் 140, 143, கார் து லெஸ்த் ரயில் நிலையம் வரை போகும். முதல் பயணம் என்றால் அந்த நேரத்தில் டாக்ஸியே நல்லது.

திரும்பிப் போகும்போது

இங்கேதான் தவறான ரயிலில் ஏறும் வாய்ப்பு இருக்கிறது. வடக்கே போகும் ஆர்.இ.ஆர். பி ஒல்னே சு புவாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரி கிளேவுக்கு. ரயிலின் முகப்பிலும் திரையிலும் நான்கெழுத்துக் குறிப்பெயர் இருக்கும். முதல் எழுத்து இ என்றால் விமான நிலையம், ஐ என்றால் மித்ரி. தவறி மித்ரி ரயிலில் ஏறிவிட்டாலும் ஒல்னேயில் இறங்கி அடுத்த விமான நிலைய ரயிலைப் பிடிக்கலாம். டெர்மினல் 1, 3 என்றால் சார்ல்ஸ் டி கோல் 1-இல் இறங்குங்கள். டெர்மினல் 2 என்றால் கடைசி நிலையம் வரை போங்கள்.