ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

ஜான்சன் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர், கறுப்பினத்தவரின் உரிமைக்குப் போராடியவர். அவரைப் படிக்க முதலில் எதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். 1912-ல் வந்த 'தி ஆட்டோபயாகிராஃபி ஆஃப் ஆன் எக்ஸ்-கலர்ட் மேன்' புத்தகத்தின் தலைப்பைப் பார்த்ததும் ஜான்சனின் தன்வரலாறு என்றுதான் தோன்றும், ஆனால் அது நாவல். வெள்ளையர் போலவே வாழ்ந்துவிட முடிவெடுக்கும் ஒரு கறுப்பினத்தவரின் கதை, முதல் பதிப்பில் எழுதியவர் பெயரே கிடையாது, அதனால் அந்தக் காலத்திலேயே பலர் நிஜம் என்று நம்பினார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதும் ஒரு காரணமாகத்தான் 1933-ல் தன் உண்மையான வாழ்க்கையை 'அலாங் திஸ் வே' என்று எழுதினார். அதிலிருந்து தொடங்குங்கள்.

படிக்கும்போது ஒரு தாளை நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அவர் எழுதியது, மறுபக்கம் அதே ஆண்டில் அவர் பார்த்த வேலை. எழுத்தாளர் ஜான்சன், போராளி ஜான்சன் என்று தனித்தனியாகப் படிப்பவர்கள் பாதி மனிதரைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

1900: புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பள்ளித் தலைமையாசிரியர். லிங்கன் பிறந்தநாளுக்காக 'லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்' எழுதுகிறார், தம்பி ரோசமண்ட் இசையமைக்க, 500 குழந்தைகள் பாடுகிறார்கள். நாவல் வந்த 1912-ல் அவர் நிகரகுவாவில் அமெரிக்கத் தூதரக அதிகாரி. 1917-ல், இல்லினாய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்த படுகொலையைக் கண்டித்து நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஏறக்குறைய 10,000 கறுப்பின மக்கள், ஒரு கோஷம்கூட இல்லாமல், அடங்கிய முரசொலி மட்டும் கேட்க நடந்தார்களே, அந்த ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

1922-க்கு வந்ததும் கொஞ்சம் நின்று படியுங்கள். கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி அமைப்பின் செயலாளராக, கும்பல் கொலையைத் தடுக்கும் டையர் மசோதாவுக்காக வாஷிங்டனில் ஒவ்வொரு உறுப்பினராகப் போய்ப் பார்த்துப் பேசுகிறார். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதாவை, செனட்டில் தெற்கத்திய உறுப்பினர்கள் முடக்கியே கொன்றுவிடுகிறார்கள். அதே ஆண்டில்தான் கறுப்பினக் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றையும் கொண்டுவருகிறார். பெரிய இலக்கியம் படைத்த எந்த மக்களையும் உலகம் தாழ்ந்தவர்களாகப் பார்த்ததில்லை என்று அதன் முன்னுரையில் வாதாடுகிறார். மசோதாவும் தொகுப்பும் ஒரே வழக்குக்கான இரண்டு மனுக்கள். தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது இது பளிச்சென்று தெரியும்.

அப்புறம் 1927-ல் வந்த 'காட்ஸ் டிராம்போன்ஸ்'. கறுப்பினப் போதகர்களின் பிரசங்கங்களைக் கவிதையாக்கிய புத்தகம். கேலிக்குப் பழகிப்போயிருந்த கொச்சை எழுத்துநடையை ஒதுக்கிவிட்டு, போதகரின் தாளத்தையும் படிமத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார். இதை மனதுக்குள் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். வரிகளில் வரும் சிறு கோடுகள் (—) போதகர் மூச்சை இழுத்து விடும் இடங்கள் என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார், அங்கெல்லாம் நீங்களும் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போங்கள்.