குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: இங்கிலாந்து விதிப்படி பொருத்துவது எப்படி?

இங்கிலாந்தின் கட்டட விதிமுறைகளில் வீட்டுக் காற்றோட்டம் ‘பார்ட் எஃப்’ பகுதியில் வருகிறது. அதன் வழிகாட்டி ஆவணத்தின் 2021 பதிப்பு 2022 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ளது. வேண்டும்போது மட்டும் ஓடும் ஃபேன், குளியலறையிலிருந்து விநாடிக்கு 15 லிட்டர் காற்றையாவது வெளியேற்ற வேண்டும். வெறும் கழிப்பறைக்கு 6 லிட்டர் போதும்.

வீட்டில் திறந்த புகைப்போக்கியுடன் எரியும் அடுப்போ ஹீட்டரோ இருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஃபேன் இழுக்கும் இழுப்பில் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பி வரலாம். தகுதியுள்ளவரிடம் முதலில் காட்டுங்கள்.

1. ஃபேனைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்றுதான் போட்டிருக்கும். அதை 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். 15 லிட்டர் என்றால் 54 கன மீட்டர். 85 என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 23.6 லிட்டர். கணக்கில் தாராளமாகத் தெரியும், ஆனால் அது பொதுவாகக் குழாய் எதுவும் மாட்டாமல் அளந்த எண். சுவரைத் துளைத்து நேராக வெளியே விடுவதானால் காற்றை நேராகத் தள்ளும் சாதாரண ஆக்சியல் ஃபேன் போதும். பரண் வழியாகச் சில மீட்டர் ஓட வேண்டுமென்றால் சென்ட்ரிஃபியூகல் (காற்றைச் சுழற்றி அழுத்தத்துடன் தள்ளுவது) அல்லது இன்லைன் (குழாயின் நடுவே பொருத்துவது) வகையே சரி; ஆக்சியல் ஃபேன் குழாயின் எதிர்ப்பைத் தாங்காது.

2. இடம்

அறையின் உட்கூரையிலோ, உட்கூரையிலிருந்து 400 மி.மீ.க்குள் சுவரிலோ பொருத்துங்கள். கதவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால், உள்ளே வரும் காற்று அறை முழுவதையும் கடந்து போகும். கதவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஷவர் மூலையில் ஈரம் அப்படியே நிற்கும்.

3. குழாய்

பெரும்பாலான ஃபேன்கள் தோற்பது இங்கேதான்.

100 மி.மீ. ஃபேனுக்கு 100 மி.மீ. குழாய், நடுவில் குறுக்காதீர்கள். உட்புறம் வழவழப்பான கெட்டிக் குழாயே நல்லது. மடிப்புக் குழாய்தான் வேண்டுமென்றால் தேவையான நீளத்துக்கு வெட்டி, இறுக்கமாக இழுத்து மாட்டுங்கள். மிச்ச நீளத்தைப் பரணில் சுருட்டிப் போட்டால் காற்றின் அளவு பாதியாகக்கூடக் குறையலாம். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

குளிர்ந்த பரணில் போகும் குழாய்க்குக் காப்புறை கட்டாயம். இல்லையென்றால் நீராவி உள்ளேயே தண்ணீராகி ஃபேன் வழியே சொட்டும். பலர் இதைக் கூரை ஒழுகுவதாக நினைத்து ஓடுகளைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள்! குழாயை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக அமையுங்கள். நேர்மேலே போனால் கீழே கண்டன்சேஷன் டிராப் (குழாயில் சேரும் தண்ணீரைப் பிடிக்கும் அமைப்பு) வையுங்கள். காற்று வீட்டுக்கு வெளியேதான் போக வேண்டும். பரணுக்குள் விட்டால் மரச்சட்டங்கள் பூஞ்சை பிடிக்கும்.

4. மின்சாரம்

திறக்கும் ஜன்னல் இல்லாத அறையில், விளக்கை அணைத்த பிறகும் ஃபேன் 15 நிமிடம் ஓட வேண்டும். எனவே டைமர் உள்ள வகையை வாங்குங்கள். அதற்கு நிரந்தர லைவ் (எப்போதும் மின்சாரம் இருக்கும் கம்பி), சுவிட்ச் வழி லைவ் (விளக்கு சுவிட்ச் வழியே வரும் கம்பி), நியூட்ரல் மூன்றும் தேவை. தொட்டி அல்லது ஷவர் தட்டின் விளிம்பிலிருந்து 0.6 மீட்டருக்குள், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரையுள்ள பகுதியில் மின்சுற்றை மாற்றினால் மின்பாதுகாப்புக்கான ‘பார்ட் பி’ (Part P) விதிப்படி கட்டடக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டால் அவரே முடித்துத் தருவார்.

5. கதவிடுக்கு

வெளியேறும் அளவு காற்று உள்ளேயும் வர வேண்டும். 760 மி.மீ. அகலக் கதவுக்கு, முடிந்த தரைக்கு மேல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை என்றால் 20 மி.மீ. விடுங்கள். தடித்த கால்மிதி போட்டு அடைத்தால் இந்த வேலை வீண்.

6. அளவிடுதல்

டிஷ்யூ காகிதம் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது இழுப்பு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். எத்தனை லிட்டர் என்பதற்கு ஹூட் (ஃபேனை மூடிப் பிடிக்கும் கூம்பு) வைத்த அனிமோமீட்டர், அதாவது காற்றோட்டமானி, வேண்டும். கதவு, ஜன்னலை மூடிவிட்டு அளவிடுங்கள். புது வீடென்றால் இந்த அளவீட்டைக் கட்டடக் கட்டுப்பாட்டு அமைப்புக்குக் கொடுத்தாக வேண்டும்.

15-க்குக் கீழே வந்தால் உடனே ஃபேனை மாற்றாதீர்கள். கதவைத் திறந்து மறுபடி அளவிடுங்கள்: எண் ஏறினால் குறை கதவிடுக்கில். ஏறவில்லையென்றால் வெளிச்சுவரில் குழாய் வாயை மூடும் ஷட்டர் முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். பெயின்ட் ஒட்டி நிற்பது வழக்கம். அதுவும் சரியென்றால் பரணில் ஏறிக் குழாயைப் பாருங்கள்.