தொண்டை வலிக்கு அப்புறம் முட்டி வீங்குதா?
தாராவி மாதிரி நெருக்கமான எடத்துல ஒரு பிள்ளைக்கு தொண்டை வலி வந்தா வரிசையா எல்லாத்துக்கும் வரும், தானா போயிடும்னு விட்றாதீங்க. அது ருமாட்டிக் காய்ச்சலா மாறி மூட்டையும் இதயத்தையும் தாக்கலாம். 2-3 வாரம் கழிச்சு காய்ச்சலோட இன்னிக்கு முட்டி நாளைக்கு கணுக்கால்னு வலி எடம் மாறுனா, மூச்சு வாங்குனா, சில மாசம் கழிச்சு கூட கை கால் தானா ஆடுனா (சேட்டைன்னு அடிக்கிறவங்களும் இருக்காங்க, பாவம்) நேரா சயான் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, எக்கோ (இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்) எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி நீங்களா வலி மாத்திரை குடுத்தா வீக்கம் அமுங்கி நோயே தெரியாம போயிடும். வீட்ல நல்லா ரெஸ்ட், வலிக்கிற மூட்டுக்கு அடியில தலகாணி, மூச்சு வாங்குனா சாய்ச்சு உக்கார வைங்க.

இந்த நோய் திரும்ப வராம இருக்க பென்சிலின் ஊசி தான் முக்கியம், 3-4 வாரத்துக்கு ஒருக்கா வருஷக்கணக்கா போடணும், இதயம் பாதிச்சிருந்தா குறைஞ்சது 10 வருஷம். பென்சிலின் ஒத்துக்காதுன்னா மொதல்லயே சொல்லிடுங்க. லீவுக்கு திருநெல்வேலி போறப்போ தான் தேதி தவறும், ஊசி சீட்டை கையோட கொண்டுபோனா அங்கயே போட்டுக்கலாம்.