போருக்குப் போய் வந்த ஐயாவுக்குக் கல்வெட்டு எழுதுவது எப்படி

அந்தியேட்டிச் சடங்கு, இறந்த முப்பத்தோராம் நாள். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவு மலர், இருக்க வேண்டும். அச்சகத்துக்குப் பத்து நாளாவது விடவேண்டும் என்பதால் எழுதக் கிடைப்பது மூன்று கிழமைதான். ஆகவே எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்றே தொடங்கிவிடுங்கள். உறவுகள் எல்லாம் ஒரே விறாந்தையில் இருப்பது அன்றோடு சரி. அப்புறம் கனடாக்காரர் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

பஞ்சபுராணம், சிவபுராணம், நன்றி நவிலல் எல்லாம் அச்சகத்திலேயே இருக்கும். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவுக்கு மட்டும் ஆள் தேட வேண்டும். அதற்கு முன் வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று குடும்பத்துக்குள் பேசி முடியுங்கள். இரண்டிலும் திதி மாறினால் திவசத்துக்குத் திவசம் சண்டை வரும்.

வாழ்க்கை வரலாறுதான் வேலை. ஊரில் பலருக்கு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "சைவப் பாரம்பரியமிக்க குடும்பத்தில் மூத்த புதல்வராக அவதரித்து" என்று தொடங்கினால் பெயரை மாற்றி அடுத்த வீட்டுக்காரருக்கும் அதையே அடித்துக் கொடுக்கலாம். எந்தப் படை, எந்தக் காலம் என்பதை முதல் பந்தியிலேயே எழுதுங்கள்: இரண்டாம் உலகப் போர், பிரித்தானியர் காலத்துப் படை. வெறுமனே படையில் இருந்தார் என்று விட்டால், எங்கள் மண்ணில் வாசிப்பவர் மனம் வேறெங்கோ போய்விடும்.

அடுத்தது றங்குப்பெட்டி. விடுவிப்புச் சான்றிதழ், சம்பளப் புத்தகம், மெடல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் பல வீடுகளின் கடதாசிகள் போய்விட்டன. ஆனால் கொழும்பிலோ லண்டனிலோ இருக்கும் தங்கச்சியிடம் ஒரு படம் இருக்கும். சீருடைப் படம் கிடைத்தால் தொப்பியிலும் தோளிலும் உள்ள சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படைப்பிரிவைப் பிடிக்க அதுதான் வழி.

மெடல்களும் பேசும். ஆறு முனை நட்சத்திரமும், கருநீல நாடாவின் நடுவில் அகலச் சிவப்பும் இருபுறமும் மெல்லிய செம்மஞ்சள் கோடும் இருந்தால் அது பர்மா ஸ்டார். டிஃபென்ஸ் மெடலும் வார் மெடலும் மட்டும் இருந்தால் ஐயாவை இழுத்துப் பர்மாக் காட்டில் விடாதீர்கள். பலாலியில் விமானத்தளம் அமைத்ததும் அந்தப் போர்க் காலத்தில்தான். இங்கே இருந்து வேலை செய்தவர்களும் அதே போரில்தான் இருந்தார்கள். பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த இந்த மெடல்களில் பெயர் பொறிக்கவில்லை. ஆதலால் அது அவருடையதுதானா, யாரிடமிருந்தாவது வந்ததா என்று ஆச்சியிடம் கேட்டுவிடுங்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அவர் பெயர் இல்லையே என்று பதற வேண்டாம். அது போர்க் காலத்தில் இறந்தவர்களுக்கான பட்டியல். இவர் உயிரோடு வீடு வந்தவர்.

வயதானவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். "கொழும்பில் குண்டு போட்டபோது" என்றால் 1942 ஏப்ரல் 5, ஞாயிறு. "திருகோணமலையில்" என்றால் அதே மாதம் 9. "விசு வருசப் பங்குனி" என்று ஒரு ஆச்சி சொன்னதும் இதே நாட்களைத்தான். பொருந்தாத கதை என்றால் வெட்டாதீர்கள். "என்று ஐயா சொல்லுவார்" என்று சேர்த்து எழுதிவிடுங்கள். அவர் பேச விரும்பாத பகுதியைத் தோண்டி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

போரில் இருந்தது சில வருடம். அதன் பின் அவர் வாழ்ந்தது எழுபது வருடத்துக்கு மேல். பக்கங்களும் அந்தக் கணக்கிலேயே போகட்டும். "அன்புக் கணவர், பாசமிகு தந்தை" என்று சொல்லி ஒன்றும் ஆகாது. பிள்ளைகளிடம் "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். "விடிய எழும்பினால் முதலில் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். படையில் லொறி ஓட்டிய ஒருவரின் மகள் இதற்குச் சொன்ன பதில் இது: பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகளின் சைக்கிள் டயரையும் பெருவிரலால் அமத்திப் பார்த்து, குறைந்ததற்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்ட பிறகுதான் தேத்தண்ணி. மனைவிக்குப் பல் போன பிறகு, பாக்குரலில் பாக்கையும் வெற்றிலையையும் இடித்து, சுண்ணாம்பு அளந்து கையில் கொடுத்ததும் அவர்தான். "கூடப் போட்டால் வாய் வெந்துபோம்" என்று வேறு யாரையும் தொட விடமாட்டாராம். இதையெல்லாம் அப்படியே எழுதினேன். மனைவி புலம்பலுக்கு வழக்கமான பாட்டை வாங்காமல், அந்த அம்மா சொன்ன நாலு வசனத்தைப் போட்டோம். உறவில் ஓரிருவர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

வம்ச வரலாற்றில் பெண் பிள்ளைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் பெயரோடு போடுங்கள், "மருமக்கள், பேரப்பிள்ளைகள்" என்று மொத்தமாக முடிக்காதீர்கள். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருக்கட்டும்.

அச்சுக்குப் போகுமுன் பெயர்களையும் திகதிகளையும் குடும்பத்தில் இருவர் தனித்தனியே பார்க்கட்டும். அச்சகத்தில் பிடிஎஃப் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். 2005 முதல் இயங்கும் "நூலகம்" என்ற இணைய நூலகத்தில் நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, பழைய படங்களை ஸ்கான் செய்ததும் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.