வெளிநாட்டுப் பயணத்தில் ஞாயிறு பூசைக்குக் கோவில் கண்டுபிடிப்பது எப்படி?

வெளிநாடு கிளம்பும்போது விசா, ஓட்டல், சிம் கார்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம். கத்தோலிக்கரான நாம் ஞாயிறு பூசையை, அதாவது திருப்பலியை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறோம். கோவில் கட்டடம் கண்ணில் படுவது சுலபம். அந்தக் கோவிலில், அந்த வாரம், அந்த நேரத்தில் திருப்பலி உண்டா என்று உறுதி செய்துகொள்வதில்தான் வேலையே இருக்கிறது. வேலைக்காகவும் சுற்றுலாவாகவும் போன இடங்களில் நான் தேடித் தேடிப் பழகிய வழியை அப்படியே எழுதுகிறேன். கூகுளில் தேடத் தெரிந்தால் போதும், மற்றதை இதைப் பார்த்துச் செய்துவிடலாம்.

படி 1: எந்த ஊர், எந்த நேரம்?

சனி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை எங்கே இருப்பீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிறு கடனை, அதாவது ஞாயிறுதோறும் திருப்பலியில் பங்கேற்கும் கடமையை, சனி மாலைத் திருப்பலியிலேயே நிறைவேற்றலாம். இலத்தீன் முறைதான் வேண்டும் என்பதும் இல்லை. சீரோ மலபார், உக்ரேனியக் கிரேக்கக் கத்தோலிக்கர் என்று எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையானாலும் சரி. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1248-ஆம் எண் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஞாயிறு விடியற்காலை விமானம் என்றால் சனி மாலைக்குத் தேடுங்கள். பசிபிக் கடலைத் தாண்டுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸில் சனி இரவு ஏறினால் சிட்னியில் இறங்கும்போது திங்கள் காலை ஆகிவிடும்; நடுவில் ஞாயிறே வராது.

கத்தார், குவைத் போல வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருக்கும் நாடுகளில் பெருங்கூட்டம் கூடுவது வெள்ளிக்கிழமைதான். ஞாயிறு வழிபாட்டையே அன்றைக்கும் வைக்கிறார்கள். அங்கே ஞாயிறு காலையை மட்டும் குறிவைத்துத் தேடாமல் மூன்று நாள் அட்டவணையையும் பாருங்கள்.

கடிகார மாற்றம் ஒன்றும் உண்டு. ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் ஒரு மணி நேரம் மாறும். மாறுவது ஞாயிறு அதிகாலையில். காலைப் பூசைக்குக் கிளம்புகிறவர்தான் முதலில் மாட்டுவார்.

படி 2: தேடுங்கள்

கூகுள் மேப்ஸில் தங்குமிடத்தை வைத்து, அந்த நாட்டு மொழியில் ‘கத்தோலிக்கக் கோவில்’ என்று தேடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரு முறை தட்டினால் சொல் கிடைத்துவிடும். கொரியாவில் ‘சொங்டாங்’ என்று தேடினால் கத்தோலிக்கக் கோவில்கள் வரும். ‘க்யொஹ்வே’ என்றால் பிற சபைகளின் கோவில்கள்தான் வரிசை கட்டும்.

அடுத்து மாஸ்டைம்ஸ்.ஆர்க் தளம். பல நாடுகளின் பூசை நேரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். பக்கத்தில் என்னென்ன பங்குகள் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோவில் சமூகங்கள்) இருக்கின்றன என்று பார்ப்பதற்கு அருமையானது. ஆனால் அதில் இருக்கும் நேரத்தை நம்பி மட்டும் கிளம்ப மாட்டேன். எப்போது பதிந்தார்களோ, யார் கண்டது? பிரான்சுக்கு ‘மெஸ்ஸஸ் இன்ஃபோ’ தளம் இருக்கிறது. அந்நாட்டு ஆயர் (பிஷப்) பேரவையே நடத்துவது என்பதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம். ஸ்பெயினுக்கு மிசாஸ்.ஆர்க். இப்படி நாட்டுக்கென்று தனித்தளம் இருந்தால் உலகளாவிய தளங்களைவிட அதையே முதலில் பாருங்கள். எருசலேம் போகிறவர்கள் யாஃபா வாயில் அருகே பிரான்சிஸ்கன் சபையினர் நடத்தும் கிறிஸ்தவத் தகவல் மையத்தைக் கேட்டால் புனிதத் தலங்களின் பூசை நேரங்கள் கிடைக்கும்.

இரண்டு மூன்று கோவில்களைத் தேர்ந்து வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

படி 3: அது கத்தோலிக்கக் கோவில்தானா?

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயம் கத்தோலிக்கருடையது. டப்ளினில் அதே புனிதரின் பெயரில் இருக்கும் பேராலயம் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மரபைச் சேர்ந்த அயர்லாந்து சபையுடையது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி ஆங்கிலிக்கன். அங்கிருந்து நடந்தே போய்விடலாம் என்ற தொலைவில், விக்டோரியா ரயில் நிலையத்தின் பக்கத்தில் செங்கல் கோபுரத்தோடு நிற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயம்தான் நம்முடையது. ‘வெஸ்ட்மின்ஸ்டர்’ என்று மட்டும் டாக்சிக்காரரிடம் சொன்னால் எங்கே இறக்கிவிடுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகையில் ‘கத்தோலிக்க’ என்று இருந்தாலும் போதாது. சுவிட்சர்லாந்தில் ‘கிறிஸ்ட்கத்தோலிஷ்’ என்று எழுதியிருப்பது உரோமையோடு ஒன்றிப்பில் இல்லாத பழைய கத்தோலிக்கச் சபை; நாம் தேட வேண்டியது ‘ரோமிஷ்-கத்தோலிஷ்’. அமெரிக்காவில் போலந்து தேசியக் கத்தோலிக்கத் திருச்சபை, பிலிப்பைன்ஸில் 1902-இல் பிரிந்துபோன அக்லிப்பாயன் சபை என்று இன்னும் உண்டு. பீடம், திருவுடை, தூபம், மரியன்னை சுரூபம் எல்லாம் அப்படியே இருக்கும். ஆங்கிலிக்கன் கோவில்களிலும் சில இடங்களில் இதே காட்சிதான். கீழை ஆர்த்தடாக்ஸ் கோவில்கள் வேறு. அங்கே நின்று செபிக்கலாம், ஆனால் ஞாயிறு கடனுக்கு அது ஈடாகாது, நற்கருணையும் (வழிபாட்டில் தரும் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) பொதுவாகத் தர மாட்டார்கள்.

உறுதி செய்ய ஒரே நல்ல வழி: அந்த ஊரின் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதி) எது என்று கண்டுபிடித்து, அதன் இணையதளத்தில் பங்குகளின் பட்டியலைப் பாருங்கள். மறைமாவட்டத்தின் பெயர் தெரியாவிட்டால் ஜிகேத்தலிக்.ஆர்க் தளத்தில் நாடுவாரியாக இருக்கிறது. பட்டியலில் அந்தக் கோவில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

படி 4: நேரத்தை உறுதி செய்யுங்கள்

இந்தப் பதிவை எழுதுவதே இந்தப் படிக்காகத்தான். நிதானமாக வாசியுங்கள்.

பிரான்சில் ஒரு கிராமத்துக் கோவில். மேப்ஸில் ‘திறந்திருக்கிறது’ என்று பச்சையில் காட்டியது; கதவும் திறந்துதான் கிடந்தது. உள்ளே ஆள் இல்லை, பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. வாசலோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் வரிசையாகப் பல கிராமங்களின் பெயர்கள், மேலே அந்த மாதத்து ஞாயிறுகள். அன்றைய தேதிக்கு நேரே இருந்த ஒரே நேரம் வேறொரு ஊரின் கட்டத்தில் இருந்தது. அந்த நாட்டின் கிராமப்புறங்களில் பல ஊர்க் கோவில்கள் சேர்ந்துதான் ஒரு பங்கு. குருக்கள் குறைவு என்பதால் பூசை வாரம் ஓர் ஊராகச் சுற்றி வரும். மேப்ஸ் காட்டும் நேரம், கட்டடத்தைப் பார்வையிடும் நேரம். பூசைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

அதனால் நீங்கள் தேட வேண்டியது பங்கின் வாராந்திர அறிவிப்புத் தாள். பெரும்பாலான பங்குகள் வெள்ளி, சனிக்குள் பி.டி.எஃப். கோப்பாகத் தங்கள் தளத்தில் ஏற்றிவிடும். ஆசிய, ஆப்பிரிக்கப் பங்குகள் பலவற்றில் தளம் பழையதாகக் கிடக்கும், ஃபேஸ்புக் பக்கம் மட்டும் உயிரோடு இருக்கும், அங்கே பாருங்கள். தாளில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. போன மாதத் தாள் என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, அந்த நேரத்தில் நடப்பது திருப்பலிதானா என்று பாருங்கள். ஜெர்மனியில் ‘ஹைலிகெ மெஸ்ஸெ’ அல்லது ‘ஆய்காரிஸ்டிஃபையர்’ என்றிருந்தால் திருப்பலி. ‘வோர்ட்-கோட்டெஸ்-ஃபையர்’ என்றிருந்தால் குருவானவர் இல்லாமல் நடக்கும் இறைவார்த்தை வழிபாடு. ‘ஃபோராபென்ட்மெஸ்ஸெ’ சனி மாலைப் பூசை. இத்தாலியில் ‘ஃபெஸ்தீவி’ ஞாயிறுக்கும் திருநாட்களுக்கும், ‘ஃபெரியாலி’ வார நாட்களுக்கு, ‘ப்ரெஃபெஸ்தீவா’ சனி மாலைக்கு. ‘ஃபெரியாலி’ என்றதும் விடுமுறை நாள் என்று நினைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குப் போய் நிற்கிறவர்கள் உண்டு.

ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பா போகிறீர்களா? கோடைக்கால அட்டவணை தனியாக இருக்கும். நகரக் கோவில்களில் சில பூசைகளை அந்த மாதங்களில் நிறுத்திவிடுவார்கள், கடற்கரை ஊர்களில் கூட்டுவார்கள். ஆண்டு முழுவதற்குமான பலகையைப் படம் பிடித்து வைத்திருப்பதால் பயனில்லை.

படி 5: சந்தேகம் இருந்தால் கேளுங்கள்

பங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்பதையே நான் விரும்புவேன். மின்னஞ்சலுக்குப் பதில் வர வாரமாகலாம். அலுவலகங்கள் பெரும்பாலும் வார நாட்களில், அதுவும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். எனவே வெள்ளிக்குள் கூப்பிடுங்கள். மொழி தெரியாவிட்டால் மூன்றே சொற்கள் போதும்: ஞாயிறு, திருப்பலி, எத்தனை மணி. அந்த மொழியில் எழுதி வைத்துப் படியுங்கள். பதிலில் வரும் எண் புரிந்தால் காரியம் முடிந்தது. ஓட்டல் வரவேற்பில் இருப்பவரையே கூப்பிட்டுக் கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது. நான் போன இடங்களில் யாரும் முகம் சுளித்ததில்லை.

படி 6: அன்றைய நாள்

இருபது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். வாசகங்களை உங்கள் மொழியில் முன்பே படித்துவிட்டுப் போங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் உலகம் முழுவதும் பெரும்பாலும் ஒன்றேதான். ஆண்டவரின் விண்ணேற்றம் போன்ற சில பெருவிழாக்களை மட்டும் சில நாடுகள் வியாழனிலும் சில நாடுகள் ஞாயிறுக்கு மாற்றியும் கொண்டாடும். திருப்பலியின் அமைப்பும் ஒன்றே; மொழி ஒரு சொல் தெரியாவிட்டாலும் ‘தூயவர்’ பாடல் எங்கே வருகிறது, குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் எப்போது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்நியராக உணரவே மாட்டீர்கள். நற்கருணையைக் கையில் வாங்குகிறார்களா நாவில் வாங்குகிறார்களா, எந்த வரிசையில் போகிறார்கள் என்று முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்யுங்கள். நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் நோன்பு பயணத்திலும் உண்டு.

கோவிலே இல்லாத இடமென்றால்

சவூதி அரேபியாவில் பொதுக் கோவில்களே கிடையாது. தொலைதூர மலை, தீவு, கப்பல் பயணங்களிலும் வழி இருக்காது. உண்மையிலேயே முடியாதபோது ஞாயிறு கடன் உங்களைக் கட்டுப்படுத்தாது. அதே 1248-ஆம் எண்ணின் இரண்டாம் பத்தி, அப்போது தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் நேரம் செலவிடுமாறு வலியுறுத்துகிறது. யூடியூபில் திருப்பலி பார்ப்பது செபத்துக்குத் துணை. கடனை நிறைவேற்றியதாக ஆகாது. முன்கூட்டியே தெரிந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தக்க காரணம் இருந்தால் விலக்கு அளிக்க 1245-ஆம் எண்ணின்படி அவருக்கு அதிகாரம் உண்டு. மனம் உறுத்தாமல் பயணம் போகலாம்.

பிற்சேர்க்கை

மறுமொழியில் இருவர் கேட்டதையும் சேர்த்துவிடுகிறேன்.

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பேராலயங்களில் நீண்ட வரிசையில் நின்று பூசையைத் தவறவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். பார்வையாளர் வரிசையில் நிற்பதற்கு முன் காவலரிடம் போய்ப் பூசைக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பல பேராலயங்களில் வழிபட வருகிறவர்களுக்குத் தனி வாசல் உண்டு, கட்டணமும் கிடையாது. பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியாவில் ஞாயிறு காலை 9 மணிக்குப் பன்மொழித் திருப்பலி இலவசம்தான். ஆனால் இருக்கை நிரம்பியதும் நிறுத்திவிடுவார்கள். அங்கே இருபது நிமிடம் போதாது. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள், கேள்வியில்லாமல் உள்ளே விடுவார்கள்.

விமான நிலையத்திலேயே பூசை கிடைக்குமா என்று இன்னொருவர் கேட்டார். சில இடங்களில் கிடைக்கும். பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் 1951-லிருந்தே கத்தோலிக்கச் சிற்றாலயம் இருக்கிறது. சிகாகோ ஓ’ஹேரில் இரண்டாம் முனையத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சிற்றாலயம் ஒன்று. சிற்றாலயம் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதை மட்டும் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் என்றால், விமானம் மாறுவதற்காக உள்ளே இருப்பவர் வெளியே வந்து மறுபடியும் சோதனைக்கு நிற்க வேண்டும். வெளிநாட்டில் அதற்குப் பெரும்பாலும் அந்நாட்டு விசாவும் கையில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் இதை முயல வேண்டாம் என்பேன்.